மேலே நிற்காத சுப்பராயன்

ஆம்பூர்த் தோல் கம்பெனி ஒன்றில், கழிவுக் குழியைச் சுத்தம் செய்யத் தனியாக இறங்கிய காசிநாதன் விஷவாயுவால் இறந்துபோனார். இனி இறங்குகிறவரின் இடுப்பில் கயிறு கட்டி, மேலே ஒருவர் நின்று கூப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்றார் அவருடைய கூட்டாளி சுப்பராயன்.

“இன்னா தோஸ்த், தாலாட்டும் பாடணுமா?” என்று சிரித்தார் உடன் வேலை செய்யும் பரந்தாமன். ஆனாலும் எல்லோரும் அதற்குப் பழகினார்கள்.

ஒருநாள் பரந்தாமன் இறங்கியபோது, “கீறியா?” என்று மேலிருந்து கூப்பிட்ட குரலுக்குப் பதில் வரவில்லை. உடனே இழுத்தார்கள், பிழைத்துக்கொண்டார். கயிறு கட்டிக் கூப்பிடுவதையே முதலாளி கம்பெனியின் விதியாக்கினார்.

சுப்பராயன் மட்டும் மேலே நிற்க மறுத்து, எப்போதும் தானே இறங்கினார்.

“ஏண்ணா?” என்றார் பரந்தாமன்.

“கூப்ட்டதும் பதில் வர்றதுக்குள்ள கொஞ்சம் சத்தமில்லாம இருக்குதில்ல? அப்போ கீழ காசிதான்டா இருக்கான்.”