நாய்க்குப் பயந்தவர்

வளர்க்க ஆள் கிடைக்கும்வரை இரண்டு தெருநாய்க் குட்டிகளை வீட்டில் வைத்துக்கொள்ள ஒப்புக்கொண்டுவிட்டேன். ஆனால் எனக்கு ஒன்றும் தெரியாது. சாம்பியன் ரீப்ஸ் சுரங்கக் குடியிருப்பில் இதை வெகுநாளாகச் செய்துவந்த ஒரு தையல்கார அம்மாவிடம் கேட்கப் போனேன். நெடுநெடுவென்று உயரம், கழுத்தில் எப்போதும் இஞ்ச் டேப்.

“குப்புறப் படுக்க வச்சு பால் குடுங்க. மல்லாத்தினா புரை ஏறிடும்” என்று மடியில் ஒரு குட்டியை வைத்துக் காட்டினார்.

வழியனுப்ப வாசலுக்கு வந்தவர், தெருவில் ஒரு நாயைக் கண்டதும் என் முழங்கையை இறுகப் பிடித்தபடி எனக்குப் பின்னால் ஒதுங்கினார்.

“இன்னாங்க, நாய்னா பயமா?”

“சின்ன வயசுல கடிச்சிடுச்சு. இன்னும் பயம்தான். குட்டிங்க பெரிசாகறதுக்குள்ள யாராவது வந்து கூட்டினு போயிடுவாங்க.”

“யாரும் வரலைன்னா?”

“ஒரு குட்டிக்கு மட்டும் யாரும் வரலை” என்றவர், உள்ளே போய் எடுத்துவந்த சோற்றுத் தட்டோடு வீட்டின் பக்கவாட்டுக்குப் போனார். அங்கே ஒற்றைக் கண்ணோடு ஒரு பெரிய நாய் வாலாட்டியபடி எழுந்தது. சுவரோடு ஒட்டி நடந்துபோய்த் தட்டை வைத்தார். அது அவர் கையை நக்கியது. கண்களை இறுக மூடிக்கொண்டாரே தவிர, அவர் கையை எடுக்கவில்லை.