கல்யாணத்தோடு முடிந்த படம்

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஒற்றை ஆளாக வளர்த்தது ஐந்து பிள்ளைகள். மூன்றாம் வகுப்போடு நின்றவள் என்பதால் நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள்.

கோபமெல்லாம் ஒரு படத்தின் மேல். பெயரைச் சொல்ல மாட்டேன், அதற்கு விளம்பரம் வேறா? போன வாரம் பேத்தி செல்போனில் தேடி எடுத்து, "அப்பத்தா, ஒன் படம் முழுசா கெடச்சிருச்சு, வெட்டாத காப்பி" என்று தலையணையில் சாய்த்து வைத்தாள். வறுத்த கடலை தின்றுகொண்டிருந்தாள். அந்த வாசத்திலேயே நான் இலுப்பூர் டூரிங் கொட்டகைக்குப் போய்விட்டேன்.

அங்கே பெண்கள் பக்கம் மணல் தரை. முன்னால் இருப்பவள் கொண்டை மறைத்தால் மணலைக் குவித்து ஏறி உட்காருவோம். அவளும் குவிப்பாள். படம் முடிவதற்குள் ஆளுக்கொரு மேடு. இந்தப் படத்தை ஏழு தடவை பார்த்தேன். புருஷன் செத்த ஒருத்தி பிள்ளைகளை வளர்க்கிற கதை. அழுகிற இடம் வருவதற்கு முன்பே முந்தானையை எடுத்துத் தயாராக வைத்துக்கொள்வேன், அவ்வளவு அவசரம் எனக்கு. கடைசியில் மகள் கல்யாணம். "தாலியறுத்தவ முன்னால வரக் கூடாது" என்று சொந்தக்காரர்கள் மறிப்பார்கள். அவள் விலக்கிக்கொண்டு வந்து மணவறையில் அட்சதை போடுவாள். உடனே திரையில் 'வணக்கம்' என்று கோணல் மாணலாக விழும். நான் எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் விளக்கைப் போட்டுவிடுவார்கள். "கெளம்புங்கக்கா, பஸ்ஸு போயிரும்" என்று ஆபரேட்டர் ராசு சத்தம் போடுவான்.

என் மூத்தவள் கல்யாணத்தில் என்னையும் அடுப்பங்கரையிலேயே இருக்கச் சொன்னார்கள். "சபையில வந்து நிக்காதீங்க மதினி, ஆகாது" என்றார் கொழுந்தனார்.

"வளத்தது நீங்களா, நானா?" என்று கேட்டுவிட்டு முன்னால் போய் நின்றேன். படத்தில் அவள் நின்றாளே, என்ன ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லையே. அந்தத் தைரியம்தான். ஐந்து கல்யாணத்திலும் முதல் அட்சதை என் கையால் விழுந்தது.

செல்போனில் அட்சதை விழுந்தது, வணக்கம் வரவில்லை. அவள் நெஞ்சைப் பிடித்தாள். மணவறைப் படியிலேயே சரிந்து செத்துப்போனாள். மறித்தவர்களெல்லாம் 'சொன்னோமே' என்பதுபோல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இத யாருடி சேத்தது?"

"யாரும் சேக்கல அப்பத்தா. இதான் ஒரிஜினல். ஒங்க கொட்டகையிலதான் கடைசி ரீலப் போடாம, அவுங்களா வணக்கம் எழுதிப் போட்டிருக்காங்க."

ஒரிஜினலாம்! முன்னால் வந்து நின்றதற்குச் சாவா? என் கொழுந்தனாரைக் கதை எழுதச் சொல்லியிருந்தால் இப்படித்தான் முடித்திருப்பார். இதை அன்றைக்கே பார்த்திருந்தால் நான் அடுப்பங்கரையை விட்டு வெளியே வந்திருக்க மாட்டேன். அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

ராசு கடைசி ரீலைப் போடாமல் விட்டது பஸ்ஸுக்காகவா, எங்கள் முகத்தைப் பார்த்தா? கேட்க அவனும் இல்லை. கொட்டகை இருந்த இடத்தில் சிமெண்ட் கிடங்கு. அந்தப் பஸ்ஸும் நின்றுபோயிற்று. கல்யாணத்தோடு முடிகிற காப்பி எங்கேயுமே இல்லை என்கிறாள் பேத்தி.

எங்க, எழுதுனத வாசி ஆத்தா. முழுசா வேணாம். அஞ்சு கல்யாணம்னு சொன்னேன்ல, அதுவரைக்கும் வாசி. அதோட வணக்கம் போட்டுரு.