நான் சுரண்டிய கையெழுத்து

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் நான் சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தின் மேலாளராக இருந்தேன். அப்போதுதான் விருதுநகர் நாதசுர வித்வான் தன் மகளை எங்களிடம் வேலைக்கு அழைத்து வந்தார். கடல் கடந்து போய் வாசித்துவிட்டு வந்த பெரிய வித்வான் அவர். மகளுக்கு வாத்தியம் வரவில்லை, ஓவியம் வந்தது.

"நான் ஊதுனா பந்தலப் பிரிக்கதோட முடிஞ்சுபோகும் சார். இவ வரைஞ்சா வருசம் பூரா சுவத்துல தொங்கும்ல?" என்று சிரித்தார்.

"அப்பா, கொஞ்சம் பேசாம இருங்கப்பா" என்றாள் அவள்.

அவர் போனபின் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "ஓவியக் கல்லூரியில சேர்ந்தப்பவே வித்வான் மகளான்னுதான் சார் கேட்டாங்க. இங்கன வரைஞ்சா படத்துல என் பேரு மட்டும் இருக்கணும். அப்பா பேரு எங்கயும் வரக்கூடாது."

"அதுக்கு நான் பொறுப்பு தாயி" என்றேன்.

முதல் ஆண்டு, சொன்னதை எல்லாம் வரைந்தாள். லட்சுமி, முருகன், ரோஜாப்பூ, குழந்தை. அவற்றில் யாரும் கையெழுத்துப் போடுவதில்லை. அடுத்த ஆண்டு நான் பரிந்துரைத்ததால் முதலாளி அவளுக்கென்று ஒரு பக்கம் கொடுத்தார். அவள் மாரியம்மனை வரைந்தாள். எம். புதுப்பட்டி பக்கத்துப் பட்டாசுக் கம்பெனிகளிலிருந்து சாயங்காலம் பஸ்ஸில் வந்து இறங்கும் பெண்களின் கைகளைப் பல நாள் நின்று பார்த்து வரைந்து வைத்திருந்தாள். நக இடுக்கில் வெள்ளி நிற மருந்து ஒட்டிய கைகள். அந்தக் கைகளையே அம்மனுக்கு வைத்தாள். கீழே, வெளிர் நிறம் இருந்த ஓரத்தில், கறுப்பு மையில் தன் பெயரைச் சின்னதாக எழுதினாள்.

எங்கள் ஊரில் அடுத்த ஆண்டுக் காலண்டர் ஆல்பத்தை ஆடிப் பதினெட்டில்தான் பூஜை போட்டு வெளியிடுவோம். ஏஜெண்டுகள் ஆர்டர் எடுக்காத படம் அத்தோடு செத்தது. அதற்குப் பத்து நாள் முன்பு, பழைய ஏஜெண்டுகள் சிலருக்கு மாதிரிப் படங்களைக் காட்டினேன்.

"என்ன சார், அம்மன் ஷிப்ட் முடிஞ்சு நேரா வந்துட்டாகளா? கை கழுவச் சோப்பு குடுங்கய்யா" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். வரைந்தது யார் என்று கேட்டார். சொன்னேன்.

"அட, வித்வான் மகளா! அத மொதல்ல சொல்லுங்க. அவரு பேரப் போடுங்க சார், கண்ண மூடிக்கிட்டு ஆர்டர் எடுக்கேன்."

முதலாளி ஊரில் இல்லை. அவரைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவும் இல்லை. அந்தப் படம் பிழைக்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில், நான் பரிந்துரைத்த பக்கம் தோற்றுவிடுமோ என்ற பயம்தான். அச்சுக்கு நிறத்துக்கு ஒன்றாக எடுத்திருந்த பிலிம்களில் கறுப்புக்கானதை மட்டும் எடுத்து, அடியில் விளக்கெரியும் கண்ணாடி மேசையில் வைத்து, பிளேடால் அவள் கையெழுத்தைச் சுரண்டினேன். வேலையாளிடம்கூடக் கொடுக்கவில்லை. அந்த இடத்தில், "ஓவியம்: நாதசுர வித்வான்" என்று தொடங்கி, அவர் பெயரைப் போட்டு, "அவர்களின் புதல்வி" என்று எழுத்துக் கோத்தேன். அவள் பெயரையும் சேர்த்திருக்கலாம். வரி நீளமாகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

ஆடிப் பதினெட்டு அன்று பூஜை முடிந்து, ஆல்பத்தை அவளிடம் கொடுத்தார்கள். அவள் தன் பக்கத்தைத் திருப்பினாள். வெகுநேரம் கீழ் ஓரத்தையே பார்த்தாள். பிறகு என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டாள்.

"அப்பா வந்து கேட்டாரா சார்?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

ஒரு தகப்பனை மகள் நாலு நாளில் மன்னித்துவிடுவாள், மேலாளரை மன்னிக்க மாட்டாள் என்று அந்த நொடியில் கணக்குப் போட்டேன். மறுநாளிலிருந்து அவள் வேலைக்கு வரவில்லை. படம் நன்றாகப் போனது.

ஒரு வாரம் கழித்து வித்வான் வந்தார். "நான் கேக்கலன்னு சத்தியம் பண்ணிட்டேன் சார். நம்ப மாட்டேங்கா. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க" என்றார். சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. அவள் சென்னைக்குப் போன பிறகு மறுபடி வந்தார். அப்போதும் அதையே சொல்லி அனுப்பினேன்.

சென்னையில் அவள் ஒரு பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருந்துகொண்டே வரைந்தாள். கண்காட்சிகள் வைத்தாள். பத்திரிகைகளில் அவள் பெயர் தனியாக வரத் தொடங்கியது. ஒரு பேட்டியில் தந்தையைப் பற்றிக் கேட்டதற்கு, அவரைப் பற்றிப் பேசுவதற்கில்லை என்று பதில் சொல்லியிருந்தாள். அந்தப் பக்கத்தைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு வித்வான் மூன்றாவது முறை வந்தார்.

"படம் நல்லாருக்கு பாத்தீகளா?" என்று முதலில் அதில் வந்திருந்த அவள் ஓவியத்தைத்தான் காட்டினார். பிறகு, "யாரு போட்டாகன்னு நான் கேக்க வரல சார். நான் போடச் சொல்லலன்னு மட்டும் ஒரு போன் போட்டுச் சொல்லுங்க. வேற ஒண்ணும் வேணாம்" என்றார்.

கண்டிப்பாகச் சொல்கிறேன் என்றேன். நின்றபடியே அவள் எண்ணை எழுதி மேசையில் வைத்துவிட்டுப் போனார். நான் அந்த எண்ணைச் சுழற்றவே இல்லை. அதற்குப் பிறகு அவர் வரவில்லை.

சில ஆண்டுகளில் அவர் இறந்துபோனார். அவள் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு, காரியம் முடிந்த மறுநாள் விருதுநகருக்குப் போனேன். வீட்டில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். எல்லாவற்றையும் சொன்னேன். பிளேடு எடுத்தது, வரி நீளமாகிவிடும் என்று அவள் பெயரை விட்டது, தலையாட்டியது, எல்லாம்.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். அவள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எத்தன தடவ வந்தாரு சார்?"

"மூணு தடவ."

"என்ன சொன்னாரு?"

நான் நினைவிருந்த வரைக்கும் அவர் சொன்ன சொற்களிலேயே சொன்னேன். மூன்றாவது முறை வந்ததை மட்டும் திரும்பச் சொல்லச் சொன்னாள். சொன்னேன். பத்திரிகைப் படம் நன்றாக இருக்கிறது என்று அவர் காட்டியதை இன்னொரு முறை கேட்டாள். மன்னிப்பு என்ற சொல் என் வாயில் வரவில்லை. அவளும் அதற்காகக் காத்திருக்கவில்லை. அவளுக்கு என்னைப் பற்றித் தெரிந்துகொள்ள எதுவும் இல்லை.

"உக்காந்து பேசுனாரா, நின்னுக்கிட்டேவா?" என்று கேட்டாள்.

"நின்னுக்கிட்டேதாம்மா" என்றேன்.