மேலூர்க்காரனுக்காகக் காத்திருந்த விளையாட்டு

வண்டியூர் அறையில் நானும் என் அறைத்தோழனும் இருந்தோம். மேலூர்க்காரன் இல்லை, பஸ்ஸில் வந்துகொண்டிருந்தான். பள்ளி நாட்களில் கட்டை அடுக்கும் வீடியோ கேமில் எங்களை ஓட ஓட விரட்டியவன் அவன். அதன் இரண்டாம் பாகத்தை மூவரும் பங்கு போட்டு என் லேப்டாப்பில் வாங்கியிருந்தோம். பிடிக்காவிட்டால், இரண்டு மணி நேரம் ஆடி முடிப்பதற்குள் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொள்ளலாம்.

இருபதே நிமிடத்தில் அறைத்தோழன் கையை உதறினான். “கட்டைக்குக் கண்ணு மூக்கெல்லாம் வச்சிருக்கான் மாப்ள. அது சிரிக்கிறதப் பாத்துக்கிட்டே கோட்டை விடுறேன். திருப்பிக் குடுத்துருவோம்.”

எனக்கும் பிடிக்கவில்லைதான். ஆனாலும் பங்கு கொடுத்தவனையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டுமே என்று, ஆட்டத்தை அப்படியே நிறுத்திவைத்துவிட்டு டீக்கடையில் காத்திருந்தோம்.

மேலூர்க்காரன் வந்து நாலு கட்டை இறக்கினான். “என்னடா இது, நான் தப்பா வச்சா அதுவே திருத்திக்கிது? அப்புறம் நான் எதுக்கு? குடுத்துருங்கடா!”

ஒரே மனதாகப் பொத்தானை அழுத்தினோம். ஆடிய நேரம் இரண்டு மணி பதினோரு நிமிடம், இனித் திருப்ப முடியாது என்று வந்தது. நிறுத்திவைத்த நேரமும் கணக்கில் ஏறும் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

“முதல் பட்டதாரி சர்டிபிகேட் வாங்குனியே, கேமை மூடிட்டுப் போகத் தெரியாதா?” என்றான் மேலூர்க்காரன்.

ஆளுக்கு இருநூறு வீதம் அறுநூறு ரூபாய் போனது.