விறகுக்கு வந்த வீடு

பாலமீன்மடுச் சாமித்தம்பிக்குப் பெண்சாதி பிள்ளைமேல் பாசம் இல்லையென்று சொன்னால் பாவம் வந்து சேரும். விறகுக்குப் போக மிஞ்சியது அவர்களுக்கும் கிடைத்தது. வாவியின் அக்கரையில் விறகு வெட்டித் தோணியில் ஏற்றிவந்து விற்கிற மனிதர் அவர். கலியாணத்தன்று மழை தூறியபோது, தாலி கட்டிய கையோடு விறகுக்குக் கிடுகு போட ஓடிப்போனார். மாப்பிள்ளை கம்பி நீட்டிவிட்டாரென்று பெண்வீட்டார் தேடி அலைந்ததை ஊர் இன்னும் சொல்லிச் சிரிக்கும்.

சுனாமியில் ஆட்கள் தப்பினார்கள். வீடும் விறகும் போயின. வீட்டை நினைத்து அவர் ஒரு நாள் அழுதார். விறகை நினைத்து மாதக்கணக்கில் பெருமூச்சு விட்டார்.

பிறகு ஒரு நிறுவனம் கூடாரம் கொடுத்தது. பகலில் அதற்குள் இருந்தால் மனிதர் அவிந்துபோவார்கள். விறகு காய அதைவிட நல்ல இடம் உலகத்தில் இல்லை. சாமித்தம்பி அடியில் மரக்குற்றிகளைப் பரப்பி, விறகைக் கூடாரத்துக்குள் அடுக்கினார். குடும்பத்துக்கென்று பக்கத்தில் ஒரு கிடுகுக் குடிசை கட்டினார். மழை வந்தால் அதற்குள்ளும் குடை பிடிக்க வேண்டும்.

"பிள்ளைக்கு இழுப்பு இரிக்கி. மாரிக்கு முதல் வீட்டுக்கு ஒரு வழி பாருங்க," என்றாள் பெண்சாதி சீதேவிப்பிள்ளை. சின்னமகள் தக்சிகாவுக்கு ஈரம் பட்டால் நெஞ்சு கரகரக்கும்.

"வீட்டுக்குத்தான் பேர் பதிஞ்சிரிக்கே. பொறு கா."

ஒரு நாள் உச்சி வெயிலில் நிறுவனத்து அலுவலர் சுதர்சனா வந்து கூடாரத்துக்குள் எட்டிப் பார்த்தாள். தரையில் படாமல், காற்றுப் போக இடைவெளி விட்டு, சந்தனக்கட்டை மாதிரி அடுக்கியிருந்தது விறகு.

"ஐயா, நீங்க இதுக்குள்ள இல்லையா?"

கூடாரத்தில் இருக்கிறவர்களுக்குத்தான் வீடு என்று சீதேவிப்பிள்ளை படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். ஆனால் விறகென்று வந்துவிட்டால் சாமித்தம்பியின் வாய்க்குப் பூட்டு இல்லை.

"எங்கள விடுங்க மிஸ். கொள்ளி விறகுக்கு இந்தச் சீலைக் கூடாரம் மாரி தாங்காது. சீமெந்துத் தூண் நட்டு, மேல தகரம் அடிச்சு, பக்கத்தத் திறந்து விட்டா நூறு வருசம் நிக்கும்."

சுதர்சனா மனம் உருகிப்போனாள். ஆண்டு முடிவதற்குள் செலவழித்தே தீரவேண்டிய காசு நிறுவனத்திடம் கிடந்தது. சீமெந்து வந்தது, தகரம் வந்தது, விறகுக்கு ஒரு கொட்டகை எழும்பியது. பெயர்ப்பலகை எல்லாவற்றுக்கும் முன்னால் வந்தது. கொழும்பிலிருந்து ஒரு பெரியவர் வந்து நாடா வெட்டி, விறகுக்கு மாலை போட்டார். சாமித்தம்பி கண்கலங்கி நின்றார். மகள் பிறந்தபோதுகூட அவர் அப்படி நின்றதில்லை.

விழா முடிந்த கையோடு கூடாரத்தைக் கழற்றி லொறியில் ஏற்றினார்கள். ஒரு குடும்பத்துக்கு ஓர் உதவிதானாம். கொட்டகை கிடைத்தவருக்கு இனி வீடு கிடையாதாம்.

மாரி பிடித்தது. குடிசையின் ஒரு பக்கம் சரிந்து விழ, நனைந்துபோன தக்சிகா மூச்சுக்குத் தவித்தாள். சீதேவிப்பிள்ளை மகளைக் கொட்டகைக்குள் கொண்டுபோய் இருத்திவிட்டு, விறகைக் கட்டை கட்டையாய் எடுத்து மழைக்குள் எறிந்தாள்.

சாமித்தம்பி பதறி ஓடிவந்தார். கத்த வாயெடுத்தவர், மகளின் நெஞ்சுக்கூடு ஏறி இறங்குவதைப் பார்த்தார். வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. பெண்சாதியைப் பிள்ளையோடு இருக்கச் சொல்லிவிட்டு, மிச்ச விறகைத் தன் கையாலேயே அள்ளி எறிந்தார். பிறகு இருவருமாய் நாலு பக்கமும் சேலைகளை இழுத்துக் கட்டினார்கள்.

தை மாதம் சுதர்சனா படம் எடுக்க வந்தாள். கொட்டகைக்குள் அடுப்பும் பாயும் இருந்தன, கொடியில் பிள்ளையின் சட்டை காய்ந்தது. வெளியே விறகு காளான் பூத்துக் கிடந்தது.

"ஐயா, இது விறகுக்குக் குடுத்த இடம்தானே? நீங்க வந்து இருந்தா நான் மேலிடத்துக்கு என்னெண்டு எழுதுறது?"

சாமித்தம்பி மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"கொள்ளி இடம்பெயர்ந்து போச்சு மிஸ். அதுக்கு ஒரு கூடாரம் குடுக்கச் சொல்லி எழுதுங்க."