நோ பார்க்கிங் ஃபாரஸ்ட்

பெசன்ட் நகரில் எங்கள் தெருமுனையை ஆட்டோக்காரர்கள் "நோ பார்க்கிங் ஃபாரஸ்ட்" என்கிறார்கள். அந்தப் பெயருக்குக் காரணம் நான் செய்த ஒரு தப்பு.

ஆறு வருடம் முன்பு புதுக் கார் வாங்கி, முனையில் இருந்த காலியிடத்தில் நிறுத்தினேன். அங்கே நின்ற பூவரச மரம் அதன்மேல் இலையும் பூவுமாகக் கொட்டியது. எரிச்சலில், யாரிடமும் கேட்காமல் ஆள் வைத்து மரத்தை வெட்டினேன். வேறு யாரும் வண்டி விடக்கூடாது என்று ஒரு நோ பார்க்கிங் போர்டும் நட்டேன்.

மறுநாள் காலை, அந்த மரத்தடியில் மீன் விற்கும் கஸ்தூரி அதே இடத்தில் மொட்டை வெயிலில் உட்கார்ந்திருந்தார். மீன்மேல் ஈரச் சாக்கு. அவர் தலைக்கு ஒன்றுமில்லை.

"இன்னா சார், காரு நல்லா கீதா?" என்றார். அவ்வளவுதான்.

எனக்குக் கூசிப்போனது. அன்றே காரை எடுத்துவிட்டு, காலியிடம் முழுக்கப் பூவரசு, புங்கை, வேப்பங்கன்றுகளை நட்டேன். போர்டைப் பிடுங்கப் போனபோது கஸ்தூரி தடுத்தார்.

"அது கெடக்கட்டும் சார். இல்லாங்காட்டி உன்ன மாதிரி இன்னொருத்தன் வண்டியக் கொண்டாந்து உட்ருவான்."

இன்று போர்டு கிளைகளுக்குள் பாதி மறைந்துவிட்டது. யாராவது பெயர்க்காரணம் கேட்டால், நிழலில் மீன் அறுத்துக்கொண்டே கஸ்தூரி என்னைக் கைகாட்டுவார். நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முழுக் கதையையும் சொல்வேன், மரம் வெட்டியது உட்பட.

என் கார் இப்போது அடுத்த தெருவில், வேறொரு மரத்தடியில் நிற்கிறது. தினமும் அதன்மேல் பூ கொட்டுகிறது. துடைத்துவிட்டு, வாயைத் திறக்காமல் கிளம்புகிறேன்.