பதினோரு சன்னல்கள்

வேலம்மாள் என்று ஒரு பெருவியாதிக்காரி இருந்தாள். மாதாகோயிலுக்குள் வரமாட்டாள். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் தெற்குச் சுவரோரம் வெளியே நின்று, கீழ்வரிசையில் நிறமில்லாத ஒரு கண்ணாடி வழியாகப் பீடத்தைப் பார்த்துக் கும்பிடுவாள். மற்றக் கண்ணாடிகளை வருஷத்துக்கு ஒருமுறைதான் கழுவுவார்கள். அந்த ஒன்று மட்டும் ஞாயிறுதோறும் பளிச்சென்றிருக்கும். சனிக்கிழமை சாயங்காலம் ஆரோக்கியம் ஈரத்துணியோடு அந்தப் பக்கம் போய் வருவதை அவர் தங்கை அமுதம் ஒரு தடவை பார்த்திருக்கிறாள்.

வில்லியனூருக்கு மேற்கே ஒரு சின்ன ஊர்க்கோயில் அது. ஆரோக்கியம் அங்கே மணியடித்து, பெருக்கி, கோயிலுக்குப் பின்னாலிருந்த ஓலைச் சாய்ப்பில் குடியிருந்தார். மனைவி காலராவில் போய் வெகுகாலம். பிள்ளை இல்லை. சாய்ப்பும் மத்தியானச் சோறும் வேலையோடு வந்தவை. வேலை போனால் இரண்டும் போகும்.

கோயிலுக்குப் பதினோரு சன்னல். கண்ணாடியெல்லாம் பிரான்சிலிருந்து கப்பலில் வந்தது. சண்டை மூண்டு கப்பல் நின்ற பிறகு, ஒன்று உடைந்தால் அந்த இடத்தில் தகரம்தான். அதனால் திருவிழாவுக்காகக் கழுவுவதற்கு முந்தின நாள், ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல் ஆரோக்கியம் கோயிலை வெளியே சுற்றிவருவார். கிழக்குப் பக்கம் காலையில், மேற்குப் பக்கம் சாயங்காலம். வெயில் சாய்வாக விழுந்தால்தான் கண்ணாடி உள்ளதைக் காட்டும். விரிசலில் அழுக்கேறிக் கறுத்திருந்தால் பழசு, பதமாகத் துடைக்கலாம். வெள்ளி இழைபோல் மின்னினால் புதுசு, கையே வைக்கக்கூடாது. அதன்மேல் சுண்ணாம்பால் ஒரு பொட்டு வைப்பார். சட்டத்தில் கண்ணாடியைப் பிடித்திருக்கும் மக்கு உதிர்கிறதா, மூலையில் குளவி கட்டியிருக்கிறதா, எல்லாம் பார்த்துக்கொண்டுபோய்ப் பங்குச் சாமியாரிடம் சொல்வார். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் கழுவலாமென்று சொன்ன கண்ணாடி ஒன்றுகூட விழுந்ததில்லை.

நாற்பத்து மூன்றாம் வருஷம் திருவிழாவுக்கு அமுதம் நெட்டப்பாக்கத்திலிருந்து வந்திருந்தாள். மகளையும் மருமகனையும் அண்டி வாழ்கிற விதவை. சாயங்காலம் அண்ணனுக்கு ஏணி பிடித்தாள். மேற்குச் சன்னலில் நீலக் கண்ணாடியை நகத்தால் தட்டிப் பார்த்து, "இது நல்லாயிருக்குது" என்றார் அவர். குறுக்கே முழுநீளத்துக்கு ஓடிய விரிசல் கீழே நின்ற அவளுக்கே தெரிந்தது.

"இன்னாண்ணே, கண்ணு பொடனியிலயா இருக்குது?" என்று சிரித்தாள்.

அவர் சிரிக்கவில்லை. "எங்க?" என்றார்.

ஏணியை விட்டு இறங்கி, அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"கார்த்திகையிலேர்ந்து இப்டிதான். மோர ஊத்தி வெச்சாப்ல எல்லாம் வெள்ளையா. தட்டிப் பாத்துச் சமாளிச்சிடலாம்னு நெனச்சேன்."

"வுடுண்ணே. நான் பாத்துச் சொல்றேன், நீ போய்ச் சாமிகிட்ட ஒப்பிச்சுடு. யாருக்குத் தெரியப்போவுது?"

"திருவிழா முடிஞ்சா நீ ஊருக்குப் போயிடுவ. அப்பால?"

"அப்பால பாத்துக்கலாம்."

"பாக்கறதுக்குத்தான் கண்ணு இல்லயே." சன்னலை நோக்கித் தலையைத் தூக்கினார். "பாக்காதத பாத்தேன்னு சொல்லி, சன்னலுக்குக் கீழ முழங்கால் போட்டிருக்கிறவங்க தலமேல வுழுந்துச்சுன்னா?"

"நீ எங்க போய்ப் படுப்ப? எம்மருமவன் வூட்ல எனக்கே இடம் அடுப்பாண்டதான்."

அவர் எழுந்து, சுவரைத் தடவிக்கொண்டே சாமியார் வீட்டுப் பக்கம் நடந்தார். கையைப் பிடித்து இழுத்து நிறுத்தலாமா என்று ஒரு கணம் நினைத்த அமுதம், பின்னாலேயே போனாள்.

சாமியார் இரக்கமுள்ளவர். கண் போனதை ஆரோக்கியம் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், "வேற ஆளு வெச்சா அவனுக்கு அந்தச் சாய்ப்பு வேணுமே, ஆரோக்கியம்" என்றார்.

"தெரியும் சாமி. அதச் சொல்லிட்டுப் போவத்தான் வந்தேன்."

திருவிழாவில் சன்னலெல்லாம் மின்னின. வேறொருவன் கழுவினான். ஆரோக்கியம் கூட்டத்தில் கடைசியாக நின்று செபமாலை உருட்டினார்.

மறுவாரம் புதுச்சேரியில் கன்னியாஸ்திரீகள் நடத்தும் முதியோர் மடத்துக்கு அமுதம் அவரை மாட்டுவண்டியில் கூட்டிப்போனாள். வழியெல்லாம் மருமகனைத் திட்டிக்கொண்டே வந்தாள். தன்னைத் திட்டிக்கொள்ள அவளுக்கு வாய் வரவில்லை. மடத்து வாசலில் ஒரு கன்னியாஸ்திரீ வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். ஒரு வேட்டியும் செபமாலையும்தான் மூட்டை.

அந்த ஐப்பசி மழையில் அவர் ஆண்டவரிடம் போய்ச் சேர்ந்தார். அடக்கம் முடிந்த பிறகுதான் நெட்டப்பாக்கத்துக்குச் சேதி வந்தது. ஆகையால் அன்று வாசலில் கேட்டதுதான் அமுதத்துக்கு மிஞ்சியது. அழுதுகொண்டு நின்றவளைக் குரல் வந்த திக்கில் பார்த்து அவர் சொன்னார்:

"கெளம்பு அமுதம், வெளிச்சம் இருக்கும்போதே வில்லியனூர் தாண்டிடு. எப்ப இருட்டுதுன்னு எனக்கு இனிமே தெரியாது, நீதான் பாத்துப் போவணும்."